தகரப் பெட்டியில் கிடக்கும் சான்றிதழ்கள்

போன ஆடியில் கேரளத்து இடுக்கி மலையில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு லயத்துக்கு, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, போயிருந்தேன். மழை விட்டபாடில்லை. பேசிக்கொண்டிருந்த அக்கா ரேஷன் கார்டைத் தேடிக் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். கார்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கவர்தான் கையில் வந்தது. உள்ளே நான்கு சான்றிதழ்கள்: தையல், காளான் வளர்ப்பு, மெழுகுவத்தி செய்தல், அழகுக்கலை. நான்கிலும் முத்திரை, கையெழுத்து, போட்டோ எல்லாம் ஒழுங்காக இருந்தன. "எல்லாந்தான் படிச்சேன் தம்பி. என்னத்தக் கண்டேன்?" என்று சொல்லிக் கவரை மறுபடி பெட்டிக்குள் தள்ளினார்.

அதே வரிசையில் நாலு வீடு தள்ளி இன்னொரு பெண் இருக்கிறார். அவரிடம் சான்றிதழ் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பம் ஊரில் சித்தி வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதையும் ஓரம் அடிப்பதையும் பார்த்துப் பழகிக்கொண்டு வந்தவர். லயத்தில் ஒரு கல்யாணம் என்றால் கடையிலிருந்து வந்த சேலை நேரே அவர் வீட்டுக்குத்தான் போகிறது. போன வருடம் பழைய மெஷினை ஓரமாக வைத்துவிட்டு மோட்டார் வைத்தது வாங்கியிருக்கிறார்.

பயிற்சி கொடுத்தால் நம்பிக்கை வரும், நம்பிக்கை வந்தால் கஷ்டம் தீரும் என்று பயிற்சி முகாம்களின் தொடக்க விழாக்களில் தவறாமல் பேசுகிறார்கள். நானும் நிறையக் கேட்டிருக்கிறேன், ஒன்றிரண்டு மேடைகளில் பேசியும் இருக்கிறேன். அந்த நாலு சான்றிதழைப் பார்த்த பிறகு இந்தக் கணக்கில் ஒரு படி விடுபட்டுப்போயிருக்கிறது என்று தோன்றியது.

இந்த மலையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்கள் அந்தக் காலத்துத் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. தேயிலை போட ஆரம்பித்தபோது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்து மலையேற்றினார்கள். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது இரண்டு தாலுகாவும் கேரளத்தோடு நின்றன. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானது. இப்படியாக, கொழுந்து கிள்ளுகிற கைகளில் பெரும்பாலானவை தமிழ் பேசுகிறவர்களின் கைகள். ஆபீஸ் தாள்கள் மலையாளத்தில். நூறு நாள் வேலையை இங்கே தொழிலுறப்பு என்போம். துணிமணி எடுக்கக் கம்பத்துக்கு இறங்குவோம்.

இந்தத் தோட்டங்களில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்கிற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருக்கும்வரைதான் அந்தக் கூரை. அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் மகளோ மருமகளோ கூடையைத் தூக்க வேண்டும். வெளியூரில் ஒரு தொழில் கற்றுக்கொள்ளப் போன பெண் பாதியில் திரும்பி வந்து கொழுந்துக்குப் போகிறாள் என்றால், அவளுக்கு ஆர்வம் இல்லை என்று பயிற்சி மையத்தில் எழுதிவைப்பார்கள். அவள் திரும்பி வந்தது வீட்டைக் காப்பாற்ற.

1990-களின் கடைசியில் தேயிலை விலை விழுந்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்களை முதலாளிகள் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். சம்பள பாக்கி, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அந்தரத்தில் நின்றன. தொழிற்சங்கங்கள் செடிகளை ஆளுக்கு இத்தனை என்று பங்கு வைத்துக் கொடுக்க, அந்தக் கொழுந்தைக் கிள்ளி விற்றுக் குடும்பங்கள் காலம் தள்ளின. பட்டினி இருந்தது. ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் முதலில் சொல்வது பட்டினியை அல்ல, காத்திருந்ததை. ஓணத்துக்குத் திறப்பார்கள், தை பிறந்தால் திறப்பார்கள், புது முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், இந்த முறை கட்டாயம் திறப்பார்கள் என்றே வருடங்கள் போயின.

அதுவும் நம்பிக்கைதான். ஆனால் கையைக் கட்டிப்போடுகிற நம்பிக்கை. கேட் திறக்கும் என்று நம்பியவர்கள் கீழே இறங்கி வேறு வேலை பழகவில்லை. பழகப் போனவனைக் கேலி செய்தவர்களும் உண்டு. நம்பிக்கை எப்போதுமே நல்லது என்று சொல்வதற்கு முன்னால் அது என்ன செய்ய வைக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் சி.ஆர். ஸ்னைடர் 1990-களில் நம்பிக்கையை இப்படிப் பிரித்துப் பார்த்தார். ஒரு இலக்கு வேண்டும். அங்கே போய்ச் சேர வழி தெரிய வேண்டும். அந்த வழியில் நடக்கத் தன்னால் முடியும் என்ற தெம்பு வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் அதை நம்பிக்கை என்று கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் ஊர்க் கிழவிகள் இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்: "மனசு இருக்கு, போக்குத்தான் இல்ல." கேட் திறக்கக் காத்திருந்தவர்களுக்கு இலக்கு இருந்தது. வழியும் தெம்பும் அடுத்தவர் கையில் இருந்தன.

தெம்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இன்னொரு ஆராய்ச்சியின் கதை உதவும். 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மயர் என்ற இருவர் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின் அதிர்ச்சிக்குப் பழகிய நாய்கள், பிறகு ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டினால் தப்பித்துவிடலாம் என்ற நிலையிலும் பெரும்பாலும் அப்படியே படுத்துக்கிடந்தன. கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கம் சொன்னார்கள். வறுமை, மனச்சோர்வு என்று எது பேசினாலும் இந்த நாய்களை இழுத்து வருவது அப்புறம் வழக்கமாகிவிட்டது. ஆனால் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவர் நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டோம் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் உயிர் ஒடுங்கிப்போவது இயல்பு, அதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்வது மற்றதைத்தான்: என் கையால் ஒன்றை மாற்ற முடியும் என்பதை.

எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. சோர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கும் ஏதோ ஒரு குறையைப் பேசிப் போக்க வேண்டும் என்றுதான் இத்தனை ஊக்கப் பேச்சும் நடக்கிறது. போக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு காரியம் கையால் முடிந்து, அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தன்னால் முடியும் என்ற எண்ணம் எப்படி உண்டாகிறது என்று 1977-ல் எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூராவும் தானே செய்து முடித்த அனுபவத்தைத்தான் முதலில் வைத்தார். தன்னைப் போன்ற ஒருத்தர் செய்வதைப் பார்ப்பது அதற்கு அடுத்தது. "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வது அவற்றைவிடப் பலம் குறைந்தது. நம் முகாம்களில் எதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

கஷ்டம் இன்னொன்றையும் செய்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்துக் கரும்பு விவசாயிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2013-ல் வெளியானது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்திலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அதே ஆட்களுக்குப் புதிர் மாதிரியான சோதனைகள் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். பணமுடை இருக்கும்போது மூளை அதையே அரைத்துக்கொண்டிருக்கிறது, மற்றதற்கு இடம் போதவில்லை. இந்த ஆய்வைப் பற்றிப் பின்னால் வாதம் எழுந்தது என்றாலும், குழுக்கடன் தவணை கட்ட வேண்டிய காலையில் தையல் வகுப்புக்கு வந்த பெண்ணைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இன்ச் டேப் கையில் இருக்கும், கண் வாசலில் இருக்கும். எங்கள் பக்கம் வகுப்பை எந்தக் கிழமை வைப்பது என்பதுகூடப் பாடத்திட்டம் மாதிரி யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, பயிற்சி பலன் தருகிறதா இல்லையா? உலக வங்கியின் பொருளாதார அறிஞர் டேவிட் மெக்கன்சி 2017-ல் வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். தொழிற்பயிற்சிக்கு வாய்ப்புக் கொடுத்த 100 பேரில், அது இல்லாவிட்டால் கிடைத்திருக்காத வேலையைப் பெற்றவர்கள் மூன்று பேருக்கும் குறைவு. மற்றவர்களுக்குப் பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கும், அல்லது பயிற்சிக்குப் பிறகும் கிடைத்திருக்காது. தொடக்க விழாவில் யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள் இந்தக் கணக்கை.

ஆனால் சராசரி என்பது நல்லதையும் மோசத்தையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியது. டெல்லியின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது, வேலையும் வருமானமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடின. பாதியில் நின்றவர்கள் நின்றதற்குக் காரணங்களில் மையம் தூரமாக இருந்ததும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் இருந்தன. பாகிஸ்தானின் பஞ்சாபில் நடந்த இன்னொரு சோதனையில், பயிற்சி சொந்தக் கிராமத்துக்கு வெளியே நடந்தாலே வருகிற பெண்களின் எண்ணிக்கை விழுந்தது. வண்டி ஏற்பாடு செய்ததும் ஏறியது. தேயிலைத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும் கடைசி ஜீப்பைத் தவறவிட்டவர்களுக்கு இந்த ஆய்வை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்குத் தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்தான். ஏ.சி. மெக்கானிக் ஆக வேண்டும், ஐ.டி.ஐ.-யில் சேர வேண்டும் என்று ஆசை. அரசு விண்ணப்பங்களை ஆன்லைனில் போடுகிற அக்ஷயா சென்டரில் போய் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது சாதிச் சான்றிதழ் கேட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பம் இங்கே அந்தச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அவனுடைய பாட்டனார் இங்கே கொழுந்துக் காட்டில் வேலை பார்த்தவர். ஆதாரம் என்று இருந்தால் அது பழைய செக்ரோல் புத்தகத்தில்தான் இருக்க வேண்டும். தோட்டத்து ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் கதவைத் திறக்கவைத்துப் பார்த்தோம். அலமாரியில் பாதிப் புத்தகங்களைக் கரையான் தின்று தீர்த்திருந்தது, மீதியில் 1960-க்கு முந்திய பக்கம் ஒன்றும் இல்லை. வில்லேஜ் ஆபீசுக்கு மூன்று முறை நடந்தான். நான்காவது முறை நடக்கவில்லை, திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான்.

திருப்பூரில் ஆதார் மட்டும் கேட்டார்கள். முதலில் டெய்லருக்கு உதவியாளாகக் கைமடி வேலை, அப்புறம் செக்கிங். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த ஓவர்லாக் டெய்லரின் காலையும் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தவன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணியில் அடித்துப் பழகினான். இப்போது பேட்லாக் என்கிற தையல் மெஷினில் இருக்கிறான். முறையான பயிற்சி ஒரு நாள்கூட இல்லை. ஆனால் ஸ்னைடர் சொன்ன மூன்றும் அங்கே இருந்தன. ஏற வேண்டிய படி கைக்கெட்டும் தூரத்தில், அவனைப் போன்ற இன்னொருத்தன் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் இருந்தது. ஐ.டி.ஐ. மோசம், பனியன் கம்பெனி உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. நாளைக்கு ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும், ஐ.டி.ஐ. படிப்பு கூடவே வரும். வழி கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு ஆள் போகிறான், அவ்வளவுதான்.

பரம ஏழைகள் மேலே வந்து, வந்த இடத்தில் நிற்பதற்கு நல்ல சாட்சி உள்ள முறை ஒன்று வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002-ல் தொடங்கியது. குடும்பத்துக்கு ஒரு மாடோ, சில ஆடோ, கோழியோ கொடுப்பார்கள். அதை வளர்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆடு குட்டி போடும்வரை அதை விற்றுச் சாப்பிடாமல் இருக்க, சில மாதங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம். சேமிப்புக்கு ஒரு கணக்கு. இவற்றோடு, ஒரு ஆள் அடிக்கடி வீட்டுக்கு வந்து எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போவார். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு என்று ஆறு நாடுகளில் இதைச் சோதித்த முடிவு 2015-ல் வந்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் சாப்பாடு, சொத்து, வருமானம் எல்லாம் மேலேயே இருந்தன. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் கீழே விழவில்லை. இந்த ஆய்வுகளில் பங்குகொண்ட பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டஃப்ளோ, அபிஜித் பானர்ஜி இருவரும் 2019-ல் நோபல் வாங்கினார்கள். ஆடு கொடுத்த வருமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்வளவு முன்னேற்றம் வந்திருக்க முடியாது, நாளைய நாளின் மேல் வந்த நம்பிக்கையும் வேலை செய்திருக்க வேண்டும் என்று டஃப்ளோ வாதிட்டார். வாராவாரம் வந்து கேட்ட அந்த ஆளுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். "உங்க ஆடு எப்படி இருக்கு?" என்று கேட்க ஒரு மனிதர் வருகிறார் என்றால் ஆட்டைப் பட்டினி போட மனசு வராது.

இந்தியாவில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில், தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய மாதிரியிலிருந்து வந்தவை. இன்று மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துகின்றன. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பலருக்குத் தெரியாதது, பயிற்சி முடிந்த பிறகு இரண்டு வருடம் பின்தொடர்ந்து உதவ வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தை ஒழுங்காகச் செய்கிற இடத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். போன் செய்து "தொழில் நடக்குதா?" என்று கேட்டு டிக் அடிக்கிற இடத்தில் சான்றிதழ் பெட்டிக்குப் போகிறது.

2023-ல் வந்த மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் தையல் உள்பட 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சி நாளுக்கு 500 ரூபாயும், கருவி வாங்க 15,000 ரூபாய் வரையும் தருகிறது. கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு வருகிறவருக்கு அந்த 500 பெரிய ஆறுதல். கேரளம் வேறு பக்கமாகப் போனது: 2021-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் 64,006 மிக ஏழைக் குடும்பங்களை அடையாளம் கண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதியது. 2025 நவம்பர் 1 அன்று கொடிய வறுமை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அறிவிப்பைப் பற்றிச் சண்டை உண்டு, எண்ணிக்கையை நம்பாதவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது அறிவிப்பு அல்ல, தனித்தனியாக எழுதியதுதான். ஒரு வீட்டுக்கு மருந்து, ஒரு வீட்டுக்கு ரேஷன் கார்டு, ஒரு வீட்டுக்குத் தொழில் என்று எழுதினால்தான், எல்லா லயத்துக்கும் ஒரே தையல் வகுப்பு என்ற சோம்பேறித்தனம் போகும்.

ஏன் தையல்? மெஷின் சின்னது, வகுப்பறைக்குள் வைக்கலாம், பெண்கள் என்றால் தையல் என்று அதிகாரிகள் மனதில் பதிந்திருக்கிறது. ஒரே வருடத்தில் 30 பேருக்குப் பிளவுஸ் தைக்கக் கற்றுக்கொடுத்தால், லயத்தில் உள்ள பெண்கள் மொத்தம் எத்தனை பிளவுஸ் போடுவார்கள் என்று யாராவது கணக்குப் போட வேண்டாமா?

ஆனால் ஒழுங்காக நடந்த ஒரு வகுப்பையும் பார்த்திருக்கிறேன். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்து (கேரள அரசின் மகளிர் குழு) பெண்கள் சேர்ந்து ஒரு சமூகக் கூடத்தில் நடத்தியது. சொல்லிக்கொடுத்தவர் குமுளியில் முப்பது வருடம் கடை வைத்திருந்த டெய்லர் அண்ணாச்சி. மூன்றாம் வாரமே காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடமிருந்து வாங்கி வந்த நிஜத் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார். ஒரு பெண் கை வளைவை ஆழமாக வெட்டிவிட்டார். கையைப் பொருத்தினால் உட்காரவில்லை, தூக்கினால் மொத்த ஜாக்கெட்டும் ஏறுகிறது. அடுத்தவர் துணி. அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது, மெஷினை விட்டு எழுந்து சுவரோரம் நின்றுவிட்டார்.

அண்ணாச்சி திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மிச்சத் துணியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டச் சொன்னார். கக்கத்தில் அதை எப்படி ஒட்டுக் கொடுப்பது என்று ஒரு பக்கம் தானே போட்டுக் காட்டினார். இன்னொரு பக்கத்தை அந்தப் பெண் போட்டார், இரண்டு முறை பிரித்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளியே தெரியாது. துணிக்குச் சொந்தக்காரர் அடுத்த ஞாயிறு அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்றைக்கு அந்தப் பெண் கற்றது தையல் மட்டும் இல்லை. தப்பு வெட்டினாலும் சரிசெய்ய வழி இருக்கிறது, அந்த வழி தன் கைக்குத் தெரியும். கஷ்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தப்பின் விலை எப்போதும் அதிகம். ஒரு தப்பில் ஒரு வாரக் கூலி போய்விடும். அதனாலேயே அவர்கள் புதிதாக எதையும் தொடப் பயப்படுகிறார்கள். தப்பைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுக்காத பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

மூணாறில் ஸ்ருஷ்டி என்ற அமைப்பு தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. அங்கே தேயிலைக் கழிவு, யூகலிப்டஸ் போன்றவற்றிலிருந்து சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுகிறார்கள், கையால் காகிதம் செய்கிறார்கள், ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சுகிறார்கள். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொருவருக்கும் அவரால் முழுதாக முடிக்கக்கூடிய ஒரு படியைக் கொடுப்பதுதான் அங்கே நடக்கிற வித்தை. துணியை மடித்து நூல் கட்டுகிற ஒருவர் அதை மட்டுமே செய்கிறார், ஆனால் முழுதாகச் செய்கிறார். வேறு இடங்களில் பயிற்சி நடத்துகிறவர்கள் அங்கே போய் இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்னொரு பயிற்சியும் மூணாறில் நடந்தது, அதை யாரும் பயிற்சி என்று சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் போனஸை 19 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தபோது, கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அதற்குப் பெயர் வந்தது. தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் என்று முடிந்தது, கொஞ்ச நாளில் நாள்கூலி 232-லிருந்து 301 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு அந்த இயக்கம் சிதறிப்போனது, தலைவிகளுக்குள் பிணக்கு வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதுவரை கண்டக்டரிடம் சில்லறை கேட்கத் தயங்கிய பெண்கள் மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். பேரம் பேசுவதும் ஒரு தொழில் அறிவுதான். தையல் வகுப்பில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. பிளவுஸுக்குக் கூலி எவ்வளவு கேட்பது என்று தெரியாமல் பாதி விலைக்குத் தைத்துக் கொடுத்து, மனசு விட்டுப்போய் மெஷினை மூடியவர்களை எனக்குத் தெரியும்.

தெரிந்த தொழிலுக்கு மதிப்பு இல்லாததும் ஒரு கஷ்டம். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிவதற்கு முன் ஜீப் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோதுதான் அவர்கள் இல்லாமல் இந்தத் தோட்டங்கள் ஓடாது என்று பலருக்கு உறைத்தது. ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது, தூரில் தரையோடு படர்கிற சரத்தில் காய்க்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரே சரத்தில் பிஞ்சை விட்டு, பூவை விட்டு, பதமாக முற்றியதை மட்டும் விரலால் பார்த்து எடுக்க வேண்டும். பழுத்தால் காயும்போது வெடிக்கும், பிஞ்சாக எடுத்தால் சுருங்கிப்போகும். புதிதாக வருகிற ஆள் ஒரு சுற்று முடிப்பதற்குள் சரத்தையே முறித்துவைப்பார். இவ்வளவு தெரிந்தவர்களை அரசுத் தாளில் திறனற்ற தொழிலாளர் என்று எழுதுகிறார்கள். முன்பே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று கொடுக்கிற ஏற்பாடு மத்திய அரசின் பயிற்சித் திட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அந்தத் தாள் ஒன்று ஏலக்காட்டுக்கு வந்து சேர்ந்தால், அதைக் காட்டி இரண்டு ரூபாய் கூடக் கேட்கவாவது ஒரு பிடி இருக்கும்.

தகரப் பெட்டி அக்காவைக் கார்த்திகையில் மறுபடி பார்த்தேன். வாசலில் நீலத் தார்ப்பாயை விரித்துப்போட்டுச் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஈரச் செடி இடுப்பில் படாமல் இருக்கக் கொழுந்துக்காரர்கள் கட்டுகிற படங்கு. கடையில் வாங்குவது ஒரு மழைக்காலத்தில் கிழிந்துபோகிறது, கயிறு போடுகிற இடத்தில் பிய்ந்துவிடுகிறது என்று எல்லாரும் புலம்புவது அவருக்கும் தெரியும், அவரும் கொழுந்துக்குப் போனவர்தானே. தன்னுடையதற்கு இரட்டை மடிப்பு வைத்து ஓரம் தைத்திருக்கிறார். பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று என்று கேட்க, அப்புறம் மூன்று பேர், அப்புறம் அடுத்த லயத்திலிருந்து. ஃபால்ஸ் வைக்கும் பெண்தான் தன் பழைய மெஷினைச் சும்மா கிடக்கிறதே என்று கொடுத்திருக்கிறார்.

"அந்தத் தையல் வகுப்பு வீண் போகலக்கா" என்றேன்.

"அங்க யாரு தார்ப்பாய் தைக்கச் சொல்லிக்குடுத்தா?" என்றார். பிறகு மெஷினைக் காட்டி, "பதினாலாம் நம்பர் ஊசி நாலு போச்சு தம்பி. கம்பம் போனா பதினெட்டாம் நம்பர் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா, காசு கையோட தந்துடுறேன்" என்றார்.